ஆடி மாசத்து முகவரி

கல்யாணம் ஆகி மூன்று வருஷம் கழித்து, நானும் என் வீட்டுக்காரரும் உண்மையிலேயே புருஷன் பெண்டாட்டிதானா என்று கேட்டுக் கனடாவிலிருந்து கடிதம் வந்தது. ரொம்ப மரியாதையான கடிதம். எங்கேயும் குரலை உயர்த்தாமல், ‘அன்புடையீர்’ போட்டு, நான்கு பத்தியில் என்னைப் பொய்க்காரி என்று சொல்லியிருந்தார்கள். படித்து முடித்ததும் போனைச் சுவரில் அடிக்கலாம் போலிருந்தது. அடித்தால் அடுத்த கடிதத்தைப் படிக்கப் போன் இருக்காது என்பதால் மெதுவாகக் கீழே வைத்தேன்.

அவர் வெல்டர். எண்ணூர்ப் பக்கம் ஒப்பந்த வேலை பார்த்தவர். பிறகு கனடாவுக்குப் போய், அங்கேயே நிரந்தரமாகத் தங்கும் உரிமை வாங்கிக்கொண்டுதான் பெண் பார்க்கவே ஊருக்கு வந்தார். ஆறு வாரம் லீவு. ஆவணியில் வைத்தால் நல்லது என்று எங்கள் வீட்டில் சொன்னார்கள். லீவு ஆனியில்தான் கிடைத்தது. திருவொற்றியூரில் அவசர அவசரமாகக் கல்யாணம் நடந்தது. அவர் திரும்பிப் போய் என்னை அழைத்துக்கொள்ள மனுப் போட்டார். எங்கள் உறவுக்கு ஆதாரமான காகிதங்களைச் சேர்த்து அனுப்புவது என் பொறுப்பு.

அந்த மனுவில் ஒரு பக்கம், பத்து வருஷமாக எங்கெங்கே வசித்தீர்கள் என்று கேட்கும். நடுவில் ஒரு நாள்கூட விடுபடக் கூடாது. நான் அப்போது மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டு ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தப் பெட்டி எப்போது உள்ளே வந்தது, எப்போது வெளியே போனது என்று கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலை. ஒரு பெட்டி நடுவில் இரண்டு நாள் எங்கே இருந்தது என்று தெரியாவிட்டால் சூப்பர்வைசர் ஆடித் தீர்த்துவிடுவார். அந்தப் பழக்கத்தில் என் வாழ்க்கையையும் அப்படியே எழுதினேன். பிறந்தது முதல் ராயபுரம், அம்மா வீடு. ஆனியில் திருவொற்றியூர், புருஷன் வீடு. ஆடி முதல் தேதியிலிருந்து மறுபடியும் ராயபுரம். ஆவணி பிறந்ததும் திருவொற்றியூர்.

தமிழ்நாட்டில் யாரிடம் காட்டினாலும் சிரிப்பார்கள். புதுப் பெண்ணை ஆடிக்கு அம்மா வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போவதை யாராவது முகவரி மாற்றம் என்று எழுதுவார்களா? நான் எழுதினேன். அவருடைய லீவு ஆடி கடைசி வாரத்தில் முடிந்து அவர் விமானம் ஏறிவிட்டார். ஆக, காகிதத்தில் பார்த்தால், கல்யாணமான இரண்டாவது வாரத்தில் பெண்டாட்டி புருஷனை விட்டுப் போயிருக்கிறாள், புருஷன் நாட்டை விட்டுக் கிளம்பிய பிறகுதான் அந்த வீட்டுக்குத் திரும்பியிருக்கிறாள். இதைத்தான் அந்த ஆபீசர் மரியாதையாகக் கேட்டிருந்தார். ஒரு மாதத்துக்குள் விளக்கமும் ஆதாரமும் வேண்டும், இல்லையென்றால் மனு தள்ளுபடி.

எங்கள் கேஸைப் பார்க்கிற கன்சல்டன்ட் தண்டையார்பேட்டையில் ஒரு மொபைல் கடைக்கு மேலே ஆபீஸ் வைத்திருந்தார். கடிதத்தைப் படித்துவிட்டு என்னைப் பாவமாகப் பார்த்தார்.

“இதை ஏன் மேடம் எழுதினீங்க?”

“உண்மைதானே சார் கேட்டாங்க.”

“உண்மை சரி மேடம். இப்ப அந்த உண்மைக்கு ஆதாரம் கேக்கறாங்க பாருங்க.” அப்புறம் குரலைத் தாழ்த்தி, “ஒண்ணு மட்டும் சொல்றேன். கேஸ் முடியற வரைக்கும் மாமியார் வீட்டை விட்டு நகராதீங்க. அம்மா வீட்டுல பத்து நாள் தங்கினீங்கன்னா, அதையும் எழுதணும். ரெண்டாவது தடவை வீட்டை விட்டுப் போனதா ஆயிடும்” என்றார்.

அவர் சொல்லாவிட்டாலும் எனக்குப் போக வேறு இடமில்லை. இதோ வருது அதோ வருது என்று நம்பி யார்டு வேலையை முதல் வருஷமே விட்டாயிற்று. திருவொற்றியூரில் எக்ஸ்பிரஸ் ரோட்டை ஒட்டிய சந்தில், இரண்டு அறை வீட்டில், நானும் என் மாமியாரும் மட்டும். மாமனார் போய் வெகு நாளாகிறது. என் வீட்டுக்காரர் ஒரே பிள்ளை. துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர்கள் எங்கள் சந்து முனையில் மணிக்கணக்காக நகராமல் நிற்கும். அந்த டிரைவர்களை நம்பித்தான் அத்தை வாசலில் காலை இட்லிக் கடை போட்டிருந்தார். நான் சட்னி அரைப்பேன், தட்டுக் கழுவுவேன், காய்கிற துணியில் கரித்தூள் படிவதற்குள் எடுத்து மடிப்பேன். ராயபுரத்துக்கு ரயிலில் ஏறினால் கையில் இருக்கிற டீ ஆறுவதற்குள் போய்விடலாம். அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தபோதுகூடப் பகலில் போய்ப் பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் திரும்பி வந்தேன். நிற்கிற டிரெய்லருக்காவது எந்தக் கேட் வழியாக உள்ளே போகப் போகிறோம் என்று தெரியும். எனக்கு அதுவும் தெரியாது.

சரி, ஆதாரம். உட்கார்ந்து தேட ஆரம்பித்தேன்.

கல்யாண ஆல்பத்தைப் புரட்டினால் நாங்கள் இருவர் மட்டும் இருக்கிற படம் ஒன்றுகூட இல்லை. எங்கள் பக்கம் மேடையில் மாப்பிள்ளை பெண்ணைத் தனியாக நிற்க விட்டால்தானே! இந்தப் பக்கம் சித்தப்பா, அந்தப் பக்கம் நாத்தனார் முறை, காலடியில் நான்கு வாண்டுகள். விமான நிலையத்துப் படத்திலும் எனக்கும் அவருக்கும் நடுவில் அத்தை நிற்கிறார், ஆடி இன்னும் முடியவில்லை என்பதால். போன் பேச்சுக்குப் பதிவு காட்டலாமா என்றால், அவர் இரண்டாம் ஷிஃப்ட் முடித்து அறைக்கு வந்து கூப்பிடுவது இங்கே கடை முடிகிற நேரம். ஸ்பீக்கரில் போட்டு நடுவில் வைத்தால் முக்கால் பேச்சு அத்தையுடையது. ‘சளி புடிச்சிகிச்சா’, ‘மீனு கெடிக்குதா’. எனக்கென்று கடைசியில், ‘சரிம்மா, வெச்சிடவா?’ தனியாக மெசேஜ் அனுப்பலாம்தான். அதில் மூன்று வருஷமாக ‘சாப்ட்டியா’, ‘ம்’, கட்டைவிரல் பொம்மை. இதைப் பார்த்துக் கனடா ஆபீசர் மனம் இளகுவார் என்று எனக்கே நம்பிக்கை வரவில்லை.

என் வீட்டுக்காரர் அனுப்புகிற பணமும் அத்தை கணக்குக்குத்தான் வந்தது. காகிதத்தை வைத்துப் பார்த்தால் அவருக்கு ஒரு அம்மா இருக்கிறார். நான் அந்த வீட்டில் வாடகைக்கு இருக்கிற பெண் மாதிரி தெரிந்தேன். அழுகையாக வந்தது. வாடகைக்கு இருப்பவளாவது காலி பண்ணிக்கொண்டு போகலாம்.

கன்சல்டன்ட் ஒரு வழி சொன்னார். ஆடிப் பழக்கத்தை விளக்கிப் பெரியவர் ஒருவர் வாக்குமூலம் தர வேண்டும். பிரித்து வைத்தது குடும்ப வழக்கம், சண்டை இல்லை என்று மாமியாரே சொல்லி, நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டால் அதற்கு எடை அதிகம்.

அத்தைக்கு அதில் பெருமை தாங்கவில்லை. கடையைச் சீக்கிரம் எடுத்து வைத்துவிட்டு, முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார், என்னவோ டிவிக்குப் பேட்டி கொடுக்கிற மாதிரி.

“எய்திக்கோ. ஆடி பொறந்தா புதுப் பொண்ணு மாப்ளை ஒண்ணா இருக்கக் கூடாது. ஆடியில தங்கினா சித்திரையில கொயந்த பொறக்கும். அந்த வெயில்ல பெத்தவளுக்கும் பேஜாரு, புள்ளைக்கும் பேஜாரு. அதான் பொண்ணை அவங்கம்மா வூட்டுக்கு அனுப்பிச்சோம். போட்டியா?”

“போட்டேன் அத்த.”

“ஏர்போர்ட்டுக்குப் போற வரிக்கும் என் புள்ள அந்தப் பொண்ணு மூஞ்சைக்கூடப் பாக்கலை. இதை நல்லா அயுத்தி எய்து. நான் வளத்த புள்ள, நான் கிய்ச்ச கோட்டைத் தாண்டலை. தெருவுக்கே தெரியும்.”

என் விரல் நின்றுவிட்டது. ஏனென்றால் என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்திருந்தார். நன்றாகவே பார்த்திருந்தார்.

அந்த ஆடியில் அவர் தோஸ்தைப் பார்க்க எண்ணூருக்குப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்வார். நான் யார்டில் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது என்று என் அம்மாவிடம் சொல்வேன். எண்ணூர் ஸ்டேஷனில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து நெட்டுக்குப்பம் போய்விடுவோம். மெரினாவுக்கோ பார்க்குக்கோ போனால் சொந்தக்காரர் யாராவது பார்த்துவிடுவார்கள். அனல்மின் நிலையத்துப் புகைபோக்கியைப் பார்க்க எங்கள் சொந்தத்தில் யாரும் வரமாட்டார்கள். கழிமுகத்தில் கருத்துப்போன தண்ணீர், மீன் நாற்றம், வலை காய்கிற கட்டைச் சுவர். அதுதான் எங்கள் தேனிலவு. நாங்கள் புருஷன் பெண்டாட்டி ஆனது அங்கேதான் என்று சொல்வேன். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், பேசியதைச் சொல்கிறேன். வெல்டிங் வெளிச்சம் கண்ணில் பட்டால் ராத்திரியெல்லாம் மணல் போட்ட மாதிரி உறுத்தும் என்பதையும், இங்கிலீஷில் திட்டினால் அவருக்கு உடனே புரியாது, அறைக்கு வந்து படுத்த பிறகுதான் கோபம் வரும் என்பதையும் அங்கே வைத்துத்தான் சொன்னார். நானும் சிரிக்க ஆரம்பித்தது அங்கேதான். படம் எடுத்துக்கொண்டோம். காற்றில் என் முடி அவர் வாயில் போகிறது, அவர் கண்ணை மூடிக்கொண்டு சிரிக்கிறார், பின்னால் புகை. நாங்கள் இருவர் மட்டும் இருக்கிற படங்கள் உலகத்தில் அவ்வளவுதான்.

அவற்றைக் கன்சல்டன்டிடம் காட்டியபோது நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். “இதைத்தான் மேடம் மொதல்லயே தந்திருக்கணும்! தேதி இருக்கு, எடம் இருக்கு. பிரிஞ்சிருந்த மாசத்துலயே சந்திச்சிருக்கீங்க. இதுக்கு மேல என்ன வேணும்?” பிறகு அத்தையின் வாக்குமூலத்தைப் படித்தார். உட்கார்ந்துவிட்டார். “முகத்தைக்கூடப் பாக்கலைன்னு இருக்கே. ரெண்டையும் ஒண்ணா அனுப்பினா, பொய்ச் சாட்சின்னு சொல்லி வருஷக்கணக்குல தடை போட்டுடுவான். ஏதாவது ஒண்ணுதான்.”

அன்று என் வீட்டுக்காரருக்குத் தனியாக மெசேஜ் போட்டேன், மொட்டை மாடியில் நின்றுகொண்டு. உடனே கூப்பிட்டார்.

“போட்டோவை உட்டுடு. அம்மாக்குத் தெரிஞ்சா மெர்சலாயிடும். அந்த லெட்டர் போதும்.”

“போதும்னு ஆபீசர் சொல்லணும் மாமா. வெறும் லெட்டரை அவன் நம்புவானா?”

“அம்மா தெருவெல்லாம் சொல்லி வெச்சிகீது. அது மூஞ்சில எப்டி முயிக்கிறது?”

“நீ எங்க முயிக்கப் போற? நான்தானே தெனம் முயிக்கணும்!” என்று கத்திவிட்டேன். கீழே டிரெய்லர் ஹாரன் அடித்ததால் தெருவுக்குக் கேட்கவில்லை. கடல் தாண்டி, ஐஸ் தாண்டி உட்கார்ந்திருக்கிற மனுஷனுக்கு இன்னும் அம்மா என்றால் பயம். அவருக்குப் பயப்பட ஒரு தனி அறை இருந்தது. நான் அத்தையிடம் சொல்லாவிட்டால் மனு தள்ளுபடியாகும். சொன்னால் அதே இரண்டு அறைக்குள், கோபமாக இருக்கிற ஒரு மாமியாரோடு, எத்தனை நாள் என்று தெரியாமல் கிடக்க வேண்டும். கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போகக்கூட எனக்கு வழியில்லை. அந்த மாடியில் நின்று, யார் யாரையோ திட்டினேன். மாமியாரை, அவரை, ஆபீசரை, ஆடி மாசத்தை.

மறுநாள் மத்தியானம் அத்தை முற்றத்தில் சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்து, “அத்த, ஒண்ணு காட்டணும்” என்று போனை நீட்டினேன். கை ஈரமாக இருந்ததால் தொடவில்லை. நானே ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினேன்.

“இது இன்னா எடம்?”

“நெட்டுக்குப்பம்.”

“எப்போ?”

“அந்த ஆடியில.”

கத்தியைக் கீழே வைத்தார். எதற்கும் தயாராக இருந்தேன்.

“அந்தக் கலீஜ்லயா?” என்றார். “கண்ணாலம் கட்ன பொண்ண இட்டுகினு போக என் புள்ளைக்கு வேற எடமே கெடிக்கலியா?”

சிரிக்கலாமா என்று எனக்குத் தெரியவில்லை. சிரிக்காமல் இருந்தது நல்லது. அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை. சாப்பாடு போட்டார், தட்டு சத்தமாக விழுந்தது. டிரைவர்களிடம் வழக்கம் போல வம்பு பேசினார், என் பக்கம் திரும்பினால் வாய் பூட்டிக்கொள்ளும். மகன் போனில் கூப்பிட்டபோது, “உன் பொண்டாட்டிகிட்டயே பேசு” என்று எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக எங்களுக்குத் தனிமை கிடைத்தது, எங்கள் இரண்டு பேருக்கும் பேச ஒன்றுமே வரவில்லை.

கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் பயம். ஒரு காலை, கடைசி டிரைவர் கை கழுவிப் போன பிறகு, அத்தை அங்கேயே படியில் உட்கார்ந்தபடி, “அந்தப் பேப்பரை எட்த்துகினு வா” என்றார்.

எடுத்து வந்தேன்.

“மூஞ்சைப் பாக்கலைன்றத அடிச்சிடு. வேற எய்து. இந்தப் பொண்ண அம்மா வூட்டுக்கு அனுப்பினது நானு. அது ரெண்டும் எனக்குத் தெரியாம பாத்துகினு இருந்துக்குதுங்க. எங்கிட்ட சொல்ல பயந்துகினு இருந்துக்குதுங்க.” அங்கே குரல் உடைந்தது. “பெத்தவகிட்ட இம்மாம் பயம் இன்னாத்துக்குமே? நான் இன்னா கடிச்சா துன்னுடுவேன்?”

எனக்கும் அதே பயம்தான் மூன்று வருஷமாக இருந்தது. அதை அப்போது சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

மூக்கைச் சிந்திவிட்டுத் தொடர்ந்தார். “அப்பால அந்த ஆபீசருக்கு இதையும் எய்து. நான் பிரிச்சி வெச்சது ஒரு மாசம். நீங்க பிரிச்சி வெச்சிகீறது மூணு வருசம். இதுல யாரு மாமியாரு?”

எழுதும்போது எனக்குக் கண் மறைத்தது. இத்தனை நாள் நான் மனசுக்குள்ளே புழுங்கிக்கொண்டிருந்ததை இந்த அம்மாள் ஒரு மூச்சில் சொல்லிவிட்டார். அதை மட்டும் இங்கிலீஷில் மாற்ற நான் ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டேன். மாமியார் என்றால் அவர்கள் ஊரில் இந்த அர்த்தம் வருமா என்று தெரியவில்லை. இருந்தாலும் எழுதினேன்.

கன்சல்டன்ட் அந்த இடத்துக்கு வந்ததும் பேனாவால் கோடு போட்டார். “இது வேணாம் மேடம். ஆபீசரைக் குத்தம் சொல்ற மாதிரி இருக்கு.”

“இருக்கட்டும் சார். கேக்கட்டும்” என்றேன். எனக்கு ஆத்திரம். அந்த ஒரு வரிக்காக அவரோடு சண்டை போட்டேன். அத்தைதான் என் கையைப் பிடித்தார்.

“உடு. எட்த்துடட்டும். எனக்கு ரோசம் இருந்தா இன்னா, இல்லாங்காட்டி இன்னா? நீ போய்ச் சேரணும், அம்புட்டுதான்.”

நோட்டரி தமிழில் ஒரு தடவை படித்துக் காட்டினார். ‘எனக்குப் பயந்துகொண்டு’ என்ற இடத்தில் அத்தை தலையைக் குனிந்துகொண்டார், முன்பின் தெரியாத ஒரு ஆள் வாயால் அதைக் கேட்க வேண்டியிருந்ததே என்று. பிறகு முந்தானையால் கையைத் துடைத்து, ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார். அன்று மாலையே எல்லாம் போய்விட்டது, புகைபோக்கிப் படங்களோடு.

அதற்குப் பிறகும் காத்திருந்தோம். சட்னி அரைத்தேன், துணி மடித்தேன், மெயிலைத் திறந்து மூடினேன். அத்தை பழையபடி பேசினார். ஆனால் மகனுடைய போன் வந்தால் கொஞ்ச நேரம் பேசிவிட்டுத் தானாகவே எழுந்து போவார். அந்தத் தனிமையில் நானும் அவரும் மெல்ல மெல்லப் பேசக் கற்றுக்கொண்டோம்.

பதில் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்தது. அனுமதித்துவிட்டார்கள். பாஸ்போர்ட்டை அனுப்பச் சொல்லியிருந்தார்கள். வாசலில் டிரைவர்கள் இருந்தார்கள், அத்தை இட்லித் தட்டைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். “அத்த, வந்துடுச்சு” என்றேன். எழுந்து வந்து என் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்து நெற்றியில் சொடுக்கிக்கொண்டார். மாவுக் கை. டிரைவர்களுக்கெல்லாம் அன்று காசு வேண்டாம் என்றார். நான் துள்ளிக் குதிப்பேன் என்றுதான் மூன்று வருஷமாக நினைத்திருந்தேன். கால் எழவில்லை.

எல்லோரும் போன பிறகு, காலி அடுக்கைத் தேய்த்துக்கொண்டே, சாதாரணமாகக் கேட்டார்:

“நீங்க ரெண்டு பேரும் ஒண்ணுன்னு இம்மாம் பேப்பர் குட்த்து நம்ப வெச்சிட்டோம். இனிமே இந்த வூட்ல நான் ஒண்டியாக் கீறேன்னு எந்த ஆபீஸ்ல எய்திக் குடுக்கணும்மே?”

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நான் அவர் கையிலிருந்து அடுக்கை வாங்கித் தேய்க்க ஆரம்பித்தேன்.